நீர்மட்டம் அறியும் உணர்முனைகள்: சிங்கப்பூர் தரும் பாடம்

ஆற்றங்கரையை ஒட்டிய தோட்டங்களில் வாழ்வோர் ஒரு வழக்கத்தை நன்கு அறிவர். மழைக்காலம் வந்துவிட்டால் கரையோரத்தில் அளவுகோடு இட்ட ஒரு கம்பம் நடப்படும். இரவில் காவற்காரர் ஒருவர் கைவிளக்குடன் சென்று, நீர் எந்தக் கோட்டைத் தொட்டது என்று பார்த்து வருவார். நீர் அபாயக் கோட்டை நெருங்கினால் அவர் குரல் கொடுப்பார். தாழ்ந்த வரிசை வீடுகளில் உள்ளோர் எழுந்து மேட்டுக்குச் செல்வர்.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. ஓர் இரவு காவற்காரரின் குரல் கேட்கவில்லை. அதற்குப் பொருள் என்ன? நீர் ஏறவில்லை என்பதா, அல்லது காவற்காரர் உறங்கிவிட்டார் என்பதா? வீட்டில் படுத்திருப்பவருக்கு இரண்டும் ஒன்று போலவே தோன்றும். ஆனால் அவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு உயிருக்கும் சாவுக்கும் இடையே உள்ள வேறுபாடாகும்.

இன்று காவற்காரரின் இடத்தில் கருவிகள் நிற்கின்றன. சென்சர் என்று தொழிலாளர்கள் வழங்கும் உணர்முனை நீரின் உயரத்தை அறிகின்றது. கம்பி அச்செய்தியைக் கொண்டு செல்கின்றது. கட்டுப்பாட்டு அமைப்பு அதைப் பெற்றுப் பம்புகளையும் மதகுகளையும் இயக்குகின்றது. கருவிகள் மாறினும் மேற்சொன்ன கேள்வி மாறவில்லை. அதற்குப் பொறியியலார் கண்ட விடையையும், உணர்முனையைக் கட்டுப்பாட்டு அமைப்புடன் இணைக்கும் முறையையும் இப்பாடத்தில் காண்போம். எடுத்துக்காட்டாக அண்டை நகரமான சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம்.

சிங்கப்பூரின் மழையும் கடலும்

சிங்கப்பூரில் ஆண்டுதோறும் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கின்றது. 1978ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் 24 மணி நேரத்தில் 512 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அஃதாவது, ஓராண்டில் பெய்யக்கூடிய மழையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஒரே நாளில் கொட்டியது. அவ்வெள்ளத்தில் ஏழு பேர் உயிரிழந்தனர்; ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தத்தம் இருப்பிடங்களை விட்டு வெளியேற நேர்ந்தது.

நம் மக்கள் பெரிதும் கூடும் சிராங்கூன் சாலைப் பகுதிக்கு அருகே ரோச்சோர் கால்வாய் ஓடுகின்றது. இன்று லிட்டில் இந்தியா என்று அழைக்கப்படும் இவ்விடத்தில் முற்காலத்தில் எருமைப் பட்டிகள் இருந்தன. கண்டாங் கெர்பாவ் என்னும் மலாய்ப் பெயரும், பஃபலோ சாலை என்னும் தெருப்பெயரும் அதற்குச் சான்று. நீரும் புல்லும் நிறைந்த தாழ்நிலமாக இருந்தமையால்தான் இங்குக் கால்நடை வாணிகம் செழித்தது. எருமைக்கு நன்மையாக இருந்த அதே தாழ்நிலம், கடைகளும் வீடுகளும் பெருகிய பின்னர் மனிதருக்குத் தொல்லையாயிற்று. புக்கிட் தீமாவிலிருந்து வரும் மழைநீர் ரோச்சோர் கால்வாய் வழியே கடலை நோக்கிச் செல்ல வேண்டும். அவ்வேளையில் கடல் பொங்கி நின்றால் நீர் வடிய வழியில்லை. ஆகவே, பெருமழையும் கடலேற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் அருகிலுள்ள ஜாலான் புசார் போன்ற தாழ்ந்த பகுதிகளில் வெள்ளம் புகுந்தது.

இத்தொல்லையைத் தீர்க்கும் வழிகளுள் ஒன்றாக 2008ஆம் ஆண்டு மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டது. ஏறத்தாழ 350 மீட்டர் அகலமுள்ள மரினா கால்வாயின் குறுக்கே ஒன்பது எஃகு மதகுகள் நிறுத்தப்பட்டன. நாட்டின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கான 10,000 ஹெக்டர் நிலத்தில் விழும் மழை இதன் நீர்த்தேக்கத்தை வந்தடைகின்றது. பெருமழையின்போது கடல் தாழ்ந்திருந்தால் மதகுகள் தாழ்த்தப்பட்டு நீர் வெளியேறுகின்றது. கடல் உயர்ந்திருந்தால் மதகுகள் மூடியே இருக்கும். நொடிக்கு 40 கன மீட்டர் நீரை இறைக்கவல்ல ஏழு பம்புகள் நீரைக் கடலுக்குள் தள்ளுகின்றன.

வாசகர்கள் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். மதகைத் தாழ்த்துவதா, பம்பை இயக்குவதா என்னும் முடிவு இரண்டு அளவுகளைப் பொறுத்தது. ஒன்று உள்ளே உள்ள நீரின் மட்டம். மற்றொன்று வெளியே உள்ள கடலின் மட்டம். இவ்விரண்டில் ஒன்று பிழையானாலும் முடிவு பிழையாகும். கடல் உயர்ந்திருக்கும்போது தாழ்ந்திருப்பதாக எண்ணி மதகைத் தாழ்த்தினால், உள்நீர் வெளியே செல்வதற்கு மாறாகக் கடல்நீர் உள்ளே வரும். எத்தனை பெரிய பம்பாயினும், எத்தனை வலிய மதகாயினும், அவற்றின் அறிவு அந்த உணர்முனையின் நுனியளவே ஆகும்.

2010ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் ஆர்ச்சர்ட் சாலையில் வெள்ளம் புகுந்து கடைகளின் கீழ்த்தளங்களை மூழ்கடித்தது. அதன் பின்னர், பொதுப் பயனீட்டுக் கழகம் நீர்மட்ட உணர்முனைகளின் எண்ணிக்கையைப் பெருக்கியது. இன்று நாடெங்கும் வடிகால்களிலும் கால்வாய்களிலும் நூற்றுக்கணக்கான உணர்முனைகள் இயங்குகின்றன. நீர் கால்வாயின் கொள்ளளவில் 75 விழுக்காட்டை அடைந்தால் நடுத்தர அபாயம் என்றும், 90 விழுக்காட்டை அடைந்தால் உயர் அபாயம் என்றும் கொள்ளும் முறையும் வழக்கிற்கு வந்தது.

உணர்முனையின் வகைகள்

நீர்மட்டத்தை அறியும் உணர்முனைகள் பல வகைப்படும். அவற்றுள் முக்கியமானவை மூன்று.

முதலாவது, மின்கோல் உணர்முனை. துருப்பிடியாத எஃகுக் கோல்கள் வெவ்வேறு நீளத்தில் தொட்டிக்குள் தொங்கவிடப்படும். நீர் ஏறி இரு கோல்களைத் தொட்டவுடன் அந்நீரின் வழியே சிறு மின்னோட்டம் பாய்கின்றது. அடுக்குமாடி வீடுகளின் தண்ணீர்த் தொட்டிகளில் இவ்வகையைக் காணலாம். நீண்ட கோல் பொதுக்கோல். நடுக்கோல் பம்பைத் தொடங்குவதற்கு. குறுங்கோல் பம்பை நிறுத்துவதற்கு. இதில் நேர்மின்னோட்டத்தைப் பயன்படுத்தினால் மின்பகுப்பு ஏற்பட்டுக் கோல் அரிக்கப்படும். ஆகவே, திசை மாறும் மின்னோட்டத்தையே பயன்படுத்துவர். இவ்வகை உணர்முனை ‘நீர் உண்டு’ அல்லது ‘நீர் இல்லை’ என்பதை மட்டும் கூறும். எவ்வளவு என்று கூறாது.

இரண்டாவது, அழுத்த உணர்முனை. நீரின் ஆழம் ஒரு மீட்டர் கூடினால் அடியில் உள்ள அழுத்தம் ஏறத்தாழ 9.8 கிலோபாஸ்கல் கூடும். கால்வாயின் அடியில் வைத்த முனை அவ்வழுத்தத்தை அறிந்து ஆழத்தைக் கணக்கிடுகின்றது. சேறும் குப்பையும் இதன் துளையை அடைத்துவிடக் கூடும் என்பது இதன் குறை.

மூன்றாவது, செவிக்கு எட்டாத ஒலியைப் பயன்படுத்தும் மீயொலி உணர்முனை. இது நீருக்கு மேலே, பாலத்தின் அடியிலோ இரும்புக் கையிலோ பொருத்தப்படும். முனையிலிருந்து புறப்பட்ட ஒலி நீர்ப்பரப்பில் மோதித் திரும்பும் நேரத்தை அளந்து தூரத்தைக் காண்கின்றது. 30 பாகை வெப்பத்தில் ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்கின்றது. 3 மீட்டர் கீழே உள்ள நீரைத் தொட்டுத் திரும்ப அதற்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் 17 பங்கு நேரம் போதும். ஆனால் 20 பாகை வெப்பத்தில் ஒலியின் வேகம் 343 மீட்டராகக் குறைகின்றது. வெப்பத்தைக் கணக்கில் கொள்ளாமல் 20 பாகை எனவே எண்ணிக் கணக்கிடும் கருவி, நீர்மட்டத்தை 5 சென்டிமீட்டர் கூடுதலாகக் காட்டிவிடும். ஆகையால், வெப்பத்தையும் சேர்த்து அளக்கும் முனையையே தேர்ந்தெடுக்க வேண்டும். அதன்மேல் நேர் வெயில் படாதவாறு மறைப்பும் இட வேண்டும். இதே முறையில் ஒலிக்குப் பதிலாக ரேடார் அலையைப் பயன்படுத்தும் முனைகளும் உள. காற்றின் வெப்பம் அவற்றை அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

செய்தி கம்பியில் செல்லும் விதம்

உணர்முனை அறிந்ததைக் கட்டுப்பாட்டு அறைக்கு எவ்வாறு சொல்வது? நீர்மட்டம் கூடக்கூட மின்னழுத்தத்தைக் கூட்டி அனுப்பலாம். ஆனால் நீண்ட கம்பியின் தடையிலும், துருவேறிய இணைப்புகளிலும் மின்னழுத்தத்தின் ஒரு பகுதி இழக்கப்படும். அருகே செல்லும் பம்பு மோட்டாரின் மின்கம்பியிலிருந்து வேண்டாத மின்னழுத்தமும் அதனுடன் எளிதில் கலந்துவிடும்.

ஆகவே, தொழிற்சாலைகளில் மின்னோட்டத்தையே செய்தியாக அனுப்பும் முறை நிலைபெற்றது. ஒரே குழாயில் ஓடும் நீர், ஒரு முனையில் எவ்வளவு புகுந்ததோ அவ்வளவே மறுமுனையில் வெளிவரும். குழாய் நீண்டதாயினும் அளவு குறையாது. அதுபோலவே ஒரே சுற்றில் ஓடும் மின்னோட்டம் எவ்விடத்திலும் ஒரே அளவாக இருக்கும். இந்த மின்னோட்டம் 4 மில்லி ஆம்பியரில் தொடங்கி 20 மில்லி ஆம்பியரில் முடிகின்றது. அளவின் தொடக்கத்துக்கு 4. அளவின் உச்சத்துக்கு 20. இடையில் உள்ள 16 மில்லி ஆம்பியர்தான் செய்தி.

4 மீட்டர் ஆழமுள்ள ஒரு கால்வாயை எண்ணிக்கொள்வோம். கால்வாய் வறண்டிருந்தால் மின்னோட்டம் 4 மில்லி ஆம்பியர். நிறைந்திருந்தால் 20. ஆகவே, ஒவ்வொரு மீட்டருக்கும் 4 மில்லி ஆம்பியர் கூடும். நீர் 2 மீட்டர் உயரத்தில் நின்றால் 12 மில்லி ஆம்பியர் ஓடும். 75 விழுக்காடு நிறைந்தால் 16. 90 விழுக்காடு நிறைந்தால் 18.4. இக்கணக்கைத் தாளில் ஒரு முறை போட்டுப் பார்ப்பவர் பின்னர் மறக்கமாட்டார்.

தொடக்கம் ஏன் சுழியாக இல்லை?

இப்போது தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். வறண்ட கால்வாய்க்குச் சுழி மில்லி ஆம்பியர் என்று வைத்திருந்தால் கணக்கு இன்னும் எளிதாக இருந்திருக்குமே! ஏன் 4 என்று வைத்தனர்?

காரணம் இதுதான். கம்பி அறுந்தால் மின்னோட்டம் சுழியாகும். கருவியின் மின்வழங்கல் நின்றாலும் சுழியாகும். வறட்சிக்கும் சுழி, அறுந்த கம்பிக்கும் சுழி என்றால், கட்டுப்பாட்டு அறையில் உள்ளவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். வெளியே வெள்ளம் கரைபுரளும். உள்ளே கருவியின் முகப்பு ‘நீர் இல்லை’ என்று காட்டிக்கொண்டிருக்கும். குரல் கொடுக்காத காவற்காரரின் நிலை இதுவே.

நீர் இல்லாதபோதும் 4 மில்லி ஆம்பியர் ஓடவேண்டும் என்று விதித்தமையால் இம்மயக்கம் நீங்கிற்று. ‘நீர் இல்லை, ஆனால் நான் விழித்திருக்கின்றேன்’ என்று உணர்முனை ஒவ்வொரு கணமும் சொல்லிக்கொண்டே இருக்கின்றது. இதனைப் பொறியியலார் உயிருள்ள சுழி என்பர். இந்த 4 மில்லி ஆம்பியர், கருவியை இயக்கும் மின்சாரமாகவும் பயன்படுகின்றது. எனவேதான் இரண்டே கம்பிகளில் கருவிக்கு மின்வழங்கலும் செய்தியும் ஒருங்கே செல்ல முடிகின்றது.

மேற்சொன்ன 4 மீட்டர் கால்வாயில் கம்பி அறுந்தால் கணக்கு என்ன சொல்லும்? சுழி மில்லி ஆம்பியருக்கு உரிய நீர்மட்டம், அடித்தளத்துக்குக் கீழே ஒரு மீட்டர். கால்வாயின் அடிக்குக் கீழே நீர்மட்டம் இருக்க முடியாது. இயலாத ஒன்றைக் கணக்குச் சொல்லும்போது, பழுது நீரில் இல்லை, கம்பியில் உள்ளது என்று தெளிவாகின்றது.

இக்கருத்தை மேலும் வரையறுத்து, நாமூர் என்னும் பன்னாட்டுப் பயனர் அமைப்பு ஒரு பரிந்துரையை வெளியிட்டுள்ளது. அதன்படி 3.8 முதல் 20.5 மில்லி ஆம்பியர் வரை உள்ளது அளவு, 3.6க்குக் கீழேயோ 21க்கு மேலேயோ சென்றால் அது பழுது. தன்னகத்தே பழுது கண்ட கருவி, வேண்டுமென்றே மின்னோட்டத்தை இவ்வெல்லைக்கு வெளியே கொண்டு சென்று தன் நோயைத் தானே அறிவிக்கின்றது.

இணைக்கும் முறை

உணர்முனையை இணைக்கும் பணியை வரிசையாகக் காண்போம். வேலை தொடங்குமுன் மின்வழங்கலை நிறுத்திப் பூட்டிடுதல் எல்லாவற்றுக்கும் முதன்மையானது.

1. கருவியின் குறிப்பேட்டைப் படித்து, அது இரு கம்பிக் கருவியா, நான்கு கம்பிக் கருவியா என்று அறிதல் வேண்டும். இரு கம்பிக் கருவி செய்தி செல்லும் கம்பியிலிருந்தே மின்சாரம் பெறும். நான்கு கம்பிக் கருவிக்குத் தனி மின்வழங்கல் உண்டு. ஒன்றை மற்றொன்றாக எண்ணி இணைத்தால் கருவியோ கட்டுப்பாட்டு அட்டையோ கெடக்கூடும்.

2. சுற்றின் மின்னழுத்தக் கணக்கைப் போடுதல் வேண்டும். மின்வழங்கல் 24 வோல்ட் என்க. கட்டுப்பாட்டு அமைப்பின் உள்ளே 250 ஓம் மின்தடையம் இருப்பின், 20 மில்லி ஆம்பியர் ஓடும்போது அது 5 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் தடை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 12 ஓம். உணர்முனை 500 மீட்டர் தொலைவில் இருந்தால் போக, வர ஒரு கிலோமீட்டர். இழப்பு கால் வோல்ட்டுக்கும் குறைவு. ஆகவே, கருவிக்கு 18.7 வோல்ட்டுக்கு மேல் எஞ்சும். பெரும்பாலான கருவிகளுக்கு இது போதுமானது.

3. முறுக்கிய இரட்டைக் கம்பியைப் பயன்படுத்துதல் வேண்டும். இரு கம்பிகளும் ஒன்றையொன்று சுற்றிச் செல்வதால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாகப் பட்டு நீங்கிவிடும். மோட்டார்க் கம்பிகள் செல்லும் தட்டில் இதனை இடலாகாது. கடக்க நேர்ந்தால் குறுக்காகக் கடக்க வேண்டும்.

4. கம்பியைச் சுற்றியுள்ள கவசவலையை ஒரு முனையில் மட்டும், பொதுவாகக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் பக்கத்தில், புவியுடன் இணைத்தல் வேண்டும். இரு முனைகளையும் இணைத்தால், இரண்டிடத்துப் புவி மின்னழுத்த வேறுபாட்டால் அவ்வலையிலேயே மின்னோட்டம் பாய்ந்து, காக்க வந்ததே கெடுப்பதாகிவிடும்.

5. இடி மின்னலுக்குக் காப்பு அமைத்தல் வேண்டும். சிங்கப்பூரில் ஆண்டில் 160 நாள்களுக்கும் மேல் இடி முழங்குகின்றது; நம் தோட்டப்புறங்களும் இதற்கு விலக்கல்ல. திறந்தவெளியில் செல்லும் நீண்ட கம்பியின் இரு முனைகளிலும் மின்னெழுச்சித் தடுப்பான் பொருத்துவது நன்று.

6. ஈரம் புகாதவாறு கம்பி நுழையும் வாயை இறுக்குதல் வேண்டும். கம்பியைப் பெட்டிக்குள் கொண்டுவருமுன் கீழ்நோக்கி வளைத்துவிட்டால், அதன்மேல் வழியும் மழைநீர் பெட்டிக்குள் செல்லாமல் வளைவிலிருந்து சொட்டிவிடும்.

சிராங்கூன் சாலைக்கு அண்மையில், ஜாலான் புசாரின் முனையில் நிற்கும் சிம் லிம் டவர் கட்டடத்தில் மின்னணு உதிரிப் பொருள் விற்கும் கடைகள் பல உண்டு. மின்தடையம், கம்பி, முனைய இணைப்பு, சிறு உணர்முனை போன்றவை அங்குச் சில்லறையாகவும் கிடைக்கும். வெள்ளத்துக்கு அஞ்சிய அதே ரோச்சோர் கால்வாயின் ஓரத்திலேயே வெள்ளத்தை அறியும் கருவிகளின் உறுப்புகளும் விற்கப்படுவது எண்ணிப் பார்க்கத்தக்கது.

கட்டுப்பாட்டு அமைப்பின் கடமை

செய்தியைப் பெறுவது, பி.எல்.சி. என்று வழங்கப்படும் நிரல்வழிக் கட்டுப்படுத்தி. இதன் முதல் வடிவம் அமெரிக்காவில் 1960களின் இறுதியில் மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளின் தேவைக்காக உருவானது. உள்ளே வரும் மின்னோட்டம் 250 ஓம் மின்தடையத்தில் பாய்ந்து 1 முதல் 5 வோல்ட்டாக மாறுகின்றது. அது எண்ணாக மாற்றப்பட்டு, நாம் எழுதிய நிரலின்படி மீட்டர் கணக்காகின்றது.

நல்ல நிரல் மூன்று வினாக்களைக் கேட்க வேண்டும்.

முதல் வினா: இந்த அளவு எல்லைக்குள் உள்ளதா? 3.6 மில்லி ஆம்பியருக்குக் கீழே வந்தால் அதனை நீர்மட்டமாகக் கொள்ளாமல், பழுது மணியை ஒலிக்கச் செய்ய வேண்டும்.

இரண்டாம் வினா: இந்த அளவு எப்போது வந்தது? தொலைவிலுள்ள கால்வாய்களிலிருந்து கம்பியில்லாத் தொடர்பின் வழியாக அளவுகள் வருவதுண்டு. தொடர்பு அறுந்தால், திரையில் கடைசியாக வந்த எண் அப்படியே நிற்கும். அரை மணி நேரத்துக்கு முன் வந்த ‘1.2 மீட்டர்’ என்பதை இப்போதைய அளவாக எண்ணி ஏமாறக்கூடும். ஆகவே, ஒவ்வோர் அளவுடனும் அதன் நேரமும் வரவேண்டும். குறித்த காலத்துக்குள் புதிய அளவு வாராவிடின் அதுவும் பழுதே.

மூன்றாம் வினா: இந்த அளவு அண்டை உணர்முனைகளுடன் ஒத்துப்போகின்றதா? முக்கியமான இடத்தில் மூன்று உணர்முனைகளை வைப்பர். ஒன்று 2.10, மற்றொன்று 2.12, இன்னொன்று 0.30 மீட்டர் என்று காட்டினால், நடு அளவான 2.10 ஏற்கப்படும், தனித்து நிற்பது சோதனைக்கு உரியதாகும். சராசரி எடுத்தால் 1.50 மீட்டருக்குச் சற்று மேல் என்னும் பிழையான விடை வரும். பலர் சேர்ந்து சொல்வதால் மட்டும் உண்மை கிடைத்துவிடாது. பொய் சொல்பவரைப் பிரித்தறியும் முறையும் வேண்டும்.

முடிவான சோதனை

இணைப்பு முடிந்தது, திரையில் எண் தெரிகின்றது, வேலை நிறைவுற்றது என்று பலர் கருவிப்பெட்டியை மூடிவிடுவர். இது பெருந்தவறு. அளவு சரியா என்று அறிய 4, 12, 20 மில்லி ஆம்பியர்களைச் சோதனைக் கருவியால் செலுத்தி, திரையில் 0, 2, 4 மீட்டர் வருகின்றதா என்று பார்க்க வேண்டும். அதன்பின், கால்வாய்க்கே சென்று அளவுகோலால் நீரை அளந்து ஒப்பிட வேண்டும்.

இவற்றுக்கும் மேலாக, கம்பியின் ஒரு முனையைக் கழற்றிவிட வேண்டும். கழற்றியவுடன் கட்டுப்பாட்டு அறையில் மணி ஒலிக்கின்றதா? பம்பும் மதகும் முன்பே வகுத்த பாதுகாப்பான நிலைக்கு வருகின்றனவா? அல்லது திரை ஒன்றும் அறியாதது போல் ‘நீர் இல்லை’ என்று காட்டுகின்றதா? கம்பியைக் கழற்றிப் பாராத இணைப்பு முடிவுற்ற இணைப்பன்று. கழற்றுமுன் கட்டுப்பாட்டு அறையில் பணியிலிருப்பவருக்கு அறிவித்தலும், சோதனைக்குப் பின் மீண்டும் இணைத்ததை இருவர் பார்த்துக் கையொப்பமிடுதலும் கடமையாகும்.

நம் ஆலைகளுக்கு இதன் பயன்

நகரத்துக் கால்வாய்க்கும் தோட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணலாம். செம்பனை எண்ணெய் ஆலைகளில் நீராவி தரும் கொதிகலன்கள் உள. அவற்றில் நீர் குறைந்த நிலையில் தீ தொடர்ந்து எரிந்தால் குழாய்கள் பழுக்கக் காய்ந்து வெடிக்கும் அபாயம் உண்டு. அதனைத் தடுக்கவே நீர்மட்ட உணர்முனை பொருத்தப்படுகின்றது. அதன் இணைப்பிலும் இதே விதிதான். நீர் இருக்கும்போது மின்சுற்று மூடியிருக்க வேண்டும். நீர் குறைந்தாலும், கம்பி அறுந்தாலும் சுற்றுத் திறந்து தீ அணைய வேண்டும். மாறாக இணைத்தால், அறுந்த கம்பி ‘எல்லாம் நலம்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். பணியை நிறுத்திவிட்டார்களே என்று சலித்துக்கொண்டு, ஒலிக்கும் மணியின் கம்பியைப் பிணைத்து வாயடைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அவ்வாறு செய்பவர் தம்முடன் பணிபுரியும் தோழர்களின் உயிரைப் பணயம் வைக்கின்றார் என்பதை உணர வேண்டும்.

கருவியியல் கற்ற இளைஞர்களுக்குத் தண்ணீர் வழங்கல், எண்ணெய் ஆலை, துறைமுகம், மின்னிலையம் ஆகிய எல்லா இடங்களிலும் வேலை உண்டு. அத்தொழிலுக்குக் கூரிய கண்ணும், பொறுமையான கையும், எளிய கணக்கும் போதும். ஆனால் அவற்றைவிட இன்றியமையாதது ஒரு மனப்பான்மை: ஒலி வாராததை நலம் என்று கொள்ளாமை. விழித்திருப்பவரின் மௌனத்தையும் உறங்குபவரின் மௌனத்தையும் பிரித்தறிய வகை செய்பவரே நல்ல தொழில்நுட்பர். அவர் இட்ட இணைப்பை நம்பி, தாழ்ந்த பகுதிகளில் வாழும் மக்கள் மழை இரவுகளில் கவலையின்றி உறங்கலாம்.

பயிற்சி வினாக்கள்

1. 4 மீட்டர் ஆழக் கால்வாயில் 10 மில்லி ஆம்பியர் ஓடினால் நீர்மட்டம் எவ்வளவு?

2. அதே கால்வாயில் 3 மில்லி ஆம்பியர் ஓடினால் நீர் என்ன நிலையில் உள்ளது என்று கூற முடியுமா?

3. மீயொலி உணர்முனைக்கு மேல் வெயில் மறைப்பு இடுவது ஏன்?

4. கவசவலையை இரு முனைகளிலும் புவியுடன் இணைக்கலாகாது. காரணம் கூறுக.

5. உங்கள் தோட்டத்திலோ ஆலையிலோ உள்ள ஒரு தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து, அதன் உணர்முனைக் கம்பி அறுந்தால் பம்பு ஓடுமா, நிற்குமா என்று பொறுப்பாளரிடம் கேட்டறிந்து எழுதுக.

விடைகள்: முதல் வினாவுக்கு 1.5 மீட்டர். இரண்டாம் வினாவுக்கு, கூற முடியாது; அது பழுதின் அறிகுறி, உடனே சென்று பார்த்தல் வேண்டும். மூன்றாம், நான்காம் வினாக்களுக்கு விடை பாடத்திலேயே உள்ளது. ஐந்தாம் வினாவுக்கு உங்கள் கண்களே விடை காண வேண்டும்.